தொட்டில் சீரும் தொடாத கைகளும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:
ஸ்ரீமத் வரவரமுநயே நம:

பெரியாழ்வார் திருமொழியில் முதற்பத்தின் மூன்றாம் திருமொழி, யசோதைப்பிராட்டி கண்ணனைத் தொட்டிலில் கண்வளர்த்தித் தாலாட்டுவதாக அமைந்தது. பிறந்த குழந்தைக்கு உற்றார் உறவினர் சீர் கொண்டுவருவது உலக வழக்கு. ஆயர்பாடியில் பிறந்த இக்குழந்தைக்கும் சீர் வருகிறது. மாணிக்கமும் வயிரமும் இழைத்த பொன் தொட்டிலைப் பிரமன் அனுப்புகிறான். அரையில் சாத்தும் அணியைச் சிவபெருமான் அனுப்புகிறான். கிண்கிணியை இந்திரனும், ஐம்படையையும் ஆரத்தையும் குபேரனும், முத்துமாலையை வருணனும் அனுப்புகிறார்கள். பெரிய பிராட்டியார் துழாய்க் கண்ணியையும், பூமிப்பிராட்டியார் பொன்னணிகளையும் வரவிடுகிறார்கள். பாசுரத்துக்குப் பாசுரம் இன்னார் இன்னது அனுப்பினார் என்று சொல்லிச் சொல்லியே தாய் தாலாட்டுகிறாள்.

இத்திருமொழியை அநுஸந்திக்கும்போது இரண்டு செய்திகள் அடியேனுடைய நெஞ்சை விட்டு அகலுவதில்லை. முதலாவது, சீர் செய்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் தூரத்தில் இருக்கிறார்கள். நேரில் வந்து குழந்தையை எடுத்து அணைக்கும் பேறு அவர்களுக்கு அப்போது வாய்க்கவில்லை. ஆகவே, தாங்கள் வராமல் தங்கள் பொருளை அனுப்புகிறார்கள். இரண்டாவது, பொன்னும் மணியும் முத்தும் நிறைந்த அந்த வரிசையில், கையால் புனைந்தது என்று பொருள்படும்படி ஆழ்வார் எடுத்துச் சொல்வது பிராட்டி அனுப்பிய துழாய்க் கண்ணி ஒன்றைத்தான். செல்வத்துக்கெல்லாம் தலைவியானவள் செல்வத்தை அனுப்பாமல் கைவேலையை அனுப்புகிறாள். நந்தவனம் அமைத்து, துழாயும் பூவும் பறித்து, தம் கையாலேயே மாலை கட்டி வடபெருங்கோயிலுடையானுக்குச் சாத்தி வந்த ஆழ்வாருக்கு இந்த வேற்றுமை கண்ணில் படாமல் போகுமோ?

ஆழ்வார் திருவவதரித்த ஸ்ரீவில்லிபுத்தூர் இன்று விருதுநகர் மாவட்டத்தில் உள்ளது. 2020ஆம் ஆண்டில் பெருந்தொற்று பரவியபோது, அந்த மாவட்டத்திலும் உலகின் பிற பகுதிகளிலும் எத்தனையோ வீடுகளில் இந்தத் தொட்டில் சீரின் நிலைமை மறுபடியும் ஏற்பட்டது. அவ்வாண்டு மார்ச் இறுதியில் பன்னாட்டுப் பயணிகள் விமானங்கள் நின்றன. நாடெங்கும் ஊரடங்கு வந்தது. பல நாடுகளுக்கு அஞ்சல் பொதிகளும் செல்லவில்லை. அயல்நாட்டில் மகளுக்குப் பிரசவம் பார்க்கச் செல்ல வேண்டிய தாய்மார்கள் உள்ளூரிலேயே நின்றுவிட்டார்கள்.

அத்தகைய ஒரு மூதாட்டியை மனத்தில் நிறுத்திக்கொள்வோம். பள்ளிப் பருவத்தில் கற்ற குரோஷா வேலையையும், ஸ்வெட்டர் பின்னும் ஊசிகளையும் அவர் மறந்து பல்லாண்டுகள் ஆகியிருக்கும். கந்தக பூமி என்று பெயர் பெற்ற அவ்வட்டாரத்து வெயிலில் கம்பளி நூலுக்கு என்ன வேலை? ஒயர்க்கூடை பின்னுவதே அங்குள்ள பெண்டிருக்குப் பழக்கமான கைவேலை. ஆயினும் பேரக்குழந்தை பிறக்கப்போவது பனி பெய்யும் ஊரில். ஆகவே வீட்டில் கிடந்த உல்லன் நூலைத் தேடியெடுத்து, நடுங்கும் விரல்களால் ஒரு குல்லாவையோ ஒரு சிறு போர்வையையோ பின்னத் தொடங்குகிறார். எப்போது அனுப்ப முடியும் என்பது அவருக்குத் தெரியாது. போய்ச் சேரும்போது குழந்தையின் தலைக்கு அது பொருந்துமா என்பதும் தெரியாது.

இவர் செய்வது என்ன? நம் ஸம்ப்ரதாயத்தில் ஊறியவர்களுக்கு இக்கேள்வி எளிதானதன்று. ‘என் மகள், என் பேரன்’ என்னும் எண்ணத்தை மமகாரம் என்று பூர்வாசார்யர்கள் கண்டித்திருக்கிறார்கள். கையும் காலும் எம்பெருமானுக்குத் தொண்டு செய்யவே படைக்கப்பட்டவை என்று ஆழ்வார்கள் அருளியிருக்கிறார்கள். கோயில் கதவுகள் அடியார்களுக்கு அடைபட்டிருந்த அந்நாள்களில் திருநாமத்தைச் சொல்லிக்கொண்டு இருப்பதை விட்டு, குடும்பப் பாசத்தால் கம்பளி பின்னிக்கொண்டிருந்தது காலத்தை வீணாக்கியதாகுமா? அல்லது அதுவும் ஒருவகைக் கைங்கர்யமாகுமா? பின்னியது போய்ச் சேராமலே போயிருந்தால், அந்த உழைப்பின் கதி என்ன?

பெரியாழ்வாரின் வைபவத்திலிருந்தே தொடங்குவோம். தாம் எக்கைங்கர்யத்தைச் செய்வது என்று ஆராய்ந்தபோது, வடமதுரையில் கண்ணனுக்கும் பலராமனுக்கும் பூமாலை சமர்ப்பித்த மாலாகாரரின் வரலாற்றை நினைந்து, புஷ்ப கைங்கர்யமே எம்பெருமான் திருவுள்ளத்துக்கு உகந்தது என்று அவர் தேர்ந்தார் என்பது குருபரம்பரை காட்டும் செய்தி. மாலாகாரர் யார்? முனிவரல்லர், வேதம் ஓதியவரல்லர். கம்ஸனுடைய நகரில் மாலை கட்டிப் பிழைத்தவர். அன்று காலை அவர் பூத்தொடுக்க உட்கார்ந்தபோது எம்பெருமானுக்கென்று தொடுக்கவில்லை, பிழைப்புக்கென்றே தொடுத்தார். எதிர்பாராமல் இரு குழந்தைகள் தம் வீட்டுக்குள் வந்து பூக்கேட்டபோது, விற்பதற்கு வைத்திருந்ததை உவந்து கொடுத்தார். கை, பூ, தொடுத்த முறை ஆகியவற்றில் எந்த மாற்றமும் இல்லை. யாருக்கு என்பது மாறியது. அதனால் செயலே வேறாகியது.

ஆகவே, கையால் செய்யப்பட்டது என்பதனால் மட்டும் ஒரு பொருள் உயர்ந்ததாகிவிடாது. இதை விருதுநகர் மாவட்டத்தார் மற்ற எவரையும்விட நன்கு அறிவார்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அண்மையில் உள்ள சிவகாசியிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் பட்டாசு கைவேலையாலேயே பெருமளவு உருவாகிறது. அவ்வட்டாரத்தார் ‘ஆபீஸ்’ என்று அழைக்கும் ஆலைகளில் காகிதக் குழல் சுருட்டுவதும், திரி வைப்பதும், சரவெடி பின்னுவதும் விரல்களின் தொழில். மருந்துக்கலவையின் ஆபத்து எந்நேரமும் அருகில் இருக்கிறது. அலுமினியப் பொடியின் வெள்ளி நிறம் கையில் படிந்திருக்கிறது. அந்தச் சரம் எந்த ஊர்க் குழந்தையை மகிழ்விக்கப்போகிறது என்று பின்னியவளுக்குத் தெரியாது. பின்னியவள் யார் என்று அந்தக் குழந்தைக்கும் தெரியாது. ஊரடங்கில் ஆலைகள் மூடப்பட்டபோது அந்தக் கைகள் வேலையின்றி நின்றன. அவ்வாண்டுத் தீபாவளிக்கு டெல்லி, ராஜஸ்தான் முதலிய இடங்களில் பட்டாசுக்குத் தடை வந்தபோது, செய்து முடித்ததும் சேர வேண்டிய இடத்துக்குச் சேரவில்லை.

இதைச் சொல்வது கூலிக்குச் செய்யும் கைவேலையைத் தாழ்த்துவதற்காகவன்று. பிள்ளைகளின் வயிற்றை நிரப்பப் பின்னப்பட்ட சரமும் அன்பினால் பின்னப்பட்டதே. இங்கே கவனிக்க வேண்டியது வேறு. வசதியுள்ள வீட்டில் ஓய்வாக அமர்ந்து ஒரு போர்வையைப் பின்னியவர், ‘நானே என் கையால் செய்தேன்’ என்று பெருமை கொள்ள இடமில்லை. பத்து மைலுக்கு அப்பால் நூற்றுக்கணக்கான கைகள் நாள்தோறும் அதைவிடக் கடினமான பின்னலைப் பெருமை பேசாமல் பின்னுகின்றன. கைவேலையின் சிறப்பைக் கையில் தேடினால் கிடைக்காது. மாலாகாரர் காட்டியபடி, யாருடைய உவப்புக்காக அது செய்யப்படுகிறது என்பதிலேயே தேட வேண்டும்.

அப்படியானால் எம்பெருமானுக்கென்று செய்யாமல் பேரனுக்கென்று செய்வது குறையாகாதோ என்று கேட்கலாம். இங்கே மமகாரம் என்பதன் பொருளைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். குழந்தையை நேசிப்பதே மமகாரம் என்றால், யசோதைப்பிராட்டியின் நிலையைத் தாம் ஏறிட்டுக்கொண்டு ஆழ்வார் இத்தனை பாசுரங்கள் பாடியிருக்க மாட்டார். தாலாட்டு, பூச்சூட்டல், நீராட்டல் என்று வீட்டில் ஒரு தாய் செய்யும் பணிகள் அனைத்தும் அவருடைய திருமொழியில் கைங்கர்யமாகவே அமைந்தன. செண்பகம், மல்லிகை, செங்கழுநீர், இருவாட்சி என்று ஒவ்வொரு பூவாகக் காட்டி, சூட வா என்று குழந்தையை அழைக்கும் அந்த நெஞ்சு தாயின் நெஞ்சுதானே. கண்டிக்கத்தக்கது அன்பு அன்று; ‘இது எனக்கு உரியது, நான் இதற்கு உரிமையாளன்’ என்னும் எண்ணமே கண்டிக்கத்தக்கது. எல்லா ஆத்மாக்களும் எம்பெருமானுக்கே சேஷபூதர்கள். பேரக்குழந்தையும் அவனுடைய உடைமை. பாட்டியும் அவனுடைய உடைமை. நூலும் ஊசியும் அவனுடையவை. தன் உடைமையாகிய ஒரு குழந்தையைப் போர்த்துவதற்குத் தன் உடைமையாகிய இன்னொரு கையை அவன் ஏவுகிறான் என்று தெளிந்தவளுக்கு, பின்னுதல் திருவாராதனத்துக்கு அயலான செயலாகத் தோன்றாது.

ஆனால் இந்தத் தெளிவு வாயளவில் எளிது, வாழ்க்கையில் கடினம். நாம் செய்து கொடுக்கும் பரிசுகளை உற்று நோக்கினால், மமகாரம் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்பது புலப்படும். குழந்தையின் தாய் மெல்லிய பருத்தித் துணி வேண்டும் என்று சொல்லியிருக்க, நமக்குத் தெரிந்தது இதுதான் என்று உறுத்தும் கம்பளியைப் பின்னுகிறோம். அனுப்பிய பிறகு, காணொளி அழைப்பில் குழந்தையைப் பார்க்கும்போது கண் முதலில் குழந்தையின் முகத்துக்குச் செல்லாமல், நாம் பின்னியதை அணிந்திருக்கிறதா என்று தலைக்குச் செல்கிறது. அணியாவிட்டால், ‘நான் எவ்வளவு சிரமப்பட்டேன்’ என்று ஒரு சொல் வருகிறது. அந்த நிமிஷத்தில் பரிசு கொடுத்தவருக்கே திரும்பிவிடுகிறது. அது குழந்தைக்குச் செய்ததாகாமல் நம் புகழுக்குச் செய்ததாகிவிடுகிறது. சேஷியின் முகமலர்ச்சிக்காகச் செய்வது கைங்கர்யம்; நம் மனநிறைவுக்காகச் செய்து, அதை அவர்மேல் சுமத்துவது வேறு. எம்பெருமான் விஷயத்தில் ஆசார்யர்கள் கற்பித்த இந்த வேறுபாடு வீட்டில் உள்ளவர் விஷயத்திலும் அப்படியே பொருந்துகிறது.

இதற்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே நாள்தோறும் ஒரு பாடம் நடக்கிறது. ஆண்டாள் நாச்சியாரின் இடத்திருக்கையில் விளங்கும் கிளி உலோகத்தாலோ மணியாலோ ஆனதன்று. மாதுளம்பூவால் மூக்கும், மரவள்ளி இலையால் உடலும் அமைத்து, நந்தியாவட்டை இலையும் பனை ஓலையும் கொண்டு இறகு சேர்த்து, வாழைநாரால் கட்டி, ஒவ்வொரு நாளும் புதிதாகக் கையாலேயே செய்கிறார்கள். சில மணிநேரம் எடுக்கும் நுண்ணிய வேலை அது. அக்கிளி நாச்சியார் திருக்கையில் ஓரிரவு இருந்து, மறுநாள் பிரஸாதமாக யாரேனும் ஓர் அடியாரின் வீட்டுக்குச் சென்றுவிடுகிறது. செய்தவரின் பெயர் அதில் இல்லை. சில நாள்களில் இலை வாடிவிடும். நேற்றைய கிளியை நினைத்துக்கொண்டு இராமல் இன்றைய கிளிக்கு இலை பறிக்கப் போகிறார்கள். கைவேலை செய்பவர் அதைத் தம்முடையதென்று பற்றாமல் விடுவது எப்படி என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டை அடியேன் அறியேன்.

பெருந்தொற்றுக் காலம் இவ்விஷயத்தில் இன்னொரு கடினமான கேள்வியையும் எழுப்பியது. கையால் செய்ததன் அருமையே அதில் செய்தவரின் கை பட்டிருக்கிறது என்பதுதான். அந்நாள்களிலோ பிறர் கை பட்டது என்பதே அச்சத்துக்குக் காரணமாயிற்று. வந்த பொதியை வெயிலில் வைத்தோம், பொருள்களைத் துடைத்தோம், வாசலில் வைத்துவிட்டு விலகி நின்றோம். 2020 செப்டம்பர் முதல் நாள் தமிழகத்தில் பெரிய கோயில்கள் திறக்கப்பட்டபோதும் தீர்த்தமும் துளசியும் ஸ்ரீசடகோபமும் பழையபடி கிட்டவில்லை. தூரத்தில் நின்று ஸேவித்துத் திரும்பினோம்.

கை பட்டது குற்றமா, குணமா என்னும் இக்கேள்வி ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் புதிதன்று. எம்பெருமானுக்கென்று கட்டிய மாலையைத் தம் திருமகள் சூடியதைக் கண்ட ஆழ்வார், அது சாத்தத் தகாதது என்று ஒதுக்கினார். எம்பெருமானோ அவள் சூடிக் களைந்ததே தனக்கு உகந்தது என்று அருளினான். ஆழ்வார் செய்தது தவறன்று. பெருமானுக்குச் சாத்துவதில் அவர் கொண்ட அச்சமும் பேணுதலும் அன்பின் வடிவமே. அதுபோல, பாட்டியையும் பேரனையும் தொற்றிலிருந்து காக்க நாம் விலகி நின்றதும் அன்பே. விலகி நிற்பவர்களாலும் கொடுக்கக் கூடியது ஒன்று இருந்தது. 2020 ஏப்ரலில் வீட்டிலேயே முகக்கவசம் தைத்து அணியுமாறு அரசு அறிவுறுத்தியபோது, எத்தனையோ பெண்மணிகள் பழைய வேஷ்டியையும் புடவையையும் வெட்டித் தைத்து, நன்றாகத் துவைத்து உலர்த்தி, வீட்டாருக்கும் அயலாருக்கும் கொடுத்தார்கள். தொட அஞ்சிய காலத்தில், கை செய்த ஒன்றே காப்பாக முகத்தில் அமர்ந்தது. துவைத்து உலர்த்திய அந்தப் பேணுதலும் பரிசின் ஒரு பகுதியே.

நாச்சியார் சூடிக் களைந்த மாலை இன்றும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வெளியூர்களுக்குச் செல்கிறது. புரட்டாசி ப்ரஹ்மோத்ஸவத்தில் திருவேங்கடமுடையானுக்கும், சித்திரையில் வைகைக்கு எழுந்தருளும் அழகருக்கும் அது சாத்தப்படுகிறது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அழகர் வைகையில் எழுந்தருளும் வைபவம் நடைபெறவில்லை. ஆற்றங்கரையில் கூடும் லக்ஷக்கணக்கானோர் தத்தம் வீடுகளில் இருந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரின் திருவாடிப்பூரப் பெருந்தேரும் அவ்விரண்டு ஆண்டுகள் வீதியில் ஓடாமல் நின்று, 2022ஆம் ஆண்டிலேயே மீண்டும் வடம் பிடிக்கப்பட்டது. எம்பெருமானும் பிராட்டியுமே வெளியே எழுந்தருளாமல் இருந்த காலத்தில், நம் பொதி ஒன்று போய்ச் சேரவில்லை என்பதற்கு வருந்துவதா?

வருந்தலாம். வருத்தம் இல்லாத அன்பு எது? ஆனால் சேராத பரிசு வீண் என்று முடிவு செய்வதற்கு முன் ஸ்ரீராமாயணத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். கங்கைக் கரையில் குஹப்பெருமாள் பெருமாளுக்காகப் பலவகை உணவுகளைக் கொண்டுவந்து வைத்தார். தவவேடம் பூண்ட பெருமாள் அவற்றை ஏற்கவில்லை. ‘உன் அன்பால் அனைத்தும் பெற்றேன்’ என்னும் கருத்துப்பட அருளிச்செய்து, தேரில் பூட்டிய குதிரைகளுக்குத் தீனி மட்டும் கொடுக்கச் சொன்னார்; அக்குதிரைகள் தந்தையாருக்குப் பிரியமானவை என்பதே காரணம். குஹப்பெருமாள் கொண்டுவந்தது பெருமாளின் திருவாயை அடையவில்லை. ஆயினும் அவர் தோழனாகவும் தம்பியாகவும் கொள்ளப்பட்டார். கொடுத்தது எங்கே போய்ச் சேர வேண்டும் என்று பெறுபவரே நியமிக்கலாம். நாம் எண்ணியபடி அது அமையாமல், குதிரைக்குத் தீனியாகவும் ஆகலாம். அதற்கு உடன்பட்ட நெஞ்சே கொடுத்த நெஞ்சு.

இளையபெருமாள் பக்கத்திலிருந்து பர்ணசாலை கட்டினார், கனி கொணர்ந்தார், இரவெல்லாம் காவல் நின்றார். பரதாழ்வானும் அப்படியே செய்ய விரும்பியே சித்ரகூடம் சென்றார். ஆனால் பெருமாளின் திருவுள்ளம், அவர் திரும்பிச் சென்று நாட்டைக் காக்க வேண்டும் என்பதாக இருந்தது. பதினான்கு ஆண்டுகள் திருவடிநிலைகளை முன்னிட்டு நந்திக்ராமத்தில் இருந்தார். அருகிலிருந்து செய்த கைங்கர்யத்துக்கு, தூரத்தில் இருந்து செய்த இக்கைங்கர்யம் எள்ளளவும் குறைந்ததன்று என்று நம் பெரியோர்கள் கொண்டாடுவர். தன் விருப்பத்தை விட்டு, பெறுபவருடைய விருப்பத்துக்கு வசப்பட்டு நிற்கும் பாரதந்த்ர்யம் அதில் விளங்குகிறது. மகளின் பிரசவத்துக்குப் போக முடியாமல், ‘அம்மா, நீங்கள் பத்திரமாக வீட்டில் இருந்தாலே எங்களுக்குப் போதும்’ என்று மகள் சொன்னதைக் கேட்டு வீட்டில் இருந்த தாய், பரதாழ்வான் அடியொற்றினாள். அவள் மடியில் இருந்த பின்னல், அந்தத் தூரத்திலும் கைங்கர்யத்தை விடவில்லை என்பதற்கு அடையாளம்.

இனி, எழுதவே கை தயங்கும் ஒரு நிலையையும் சொல்லாமல் விட இயலாது. சில வீடுகளில் பின்னல் பாதியில் நின்றது. நூல் தீர்ந்ததனால் அன்று. பின்னியவர் அந்தத் தொற்றில் பரமபதம் அடைந்ததனால். வேறு சில வீடுகளில், யாருக்காகப் பின்னப்பட்டதோ அவரே இல்லாமல் போனார். அலமாரியைத் திறக்கும்போதெல்லாம், ஊசியோடு செருகி வைத்த அந்தப் பாதிப் பின்னல் கண்ணில் படுகிறது. அதைப் பிரிக்கவும் மனம் வரவில்லை. எறியவும் மனம் வரவில்லை. அதை என்ன செய்வது?

நம் ஸம்ப்ரதாயத்தில் இதற்கு விடை உண்டு. நாச்சியார் திருமொழியில் ஆண்டாள், திருமாலிருஞ்சோலை எம்பெருமானுக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் சமர்ப்பிப்பதாக வாயால் நேர்ந்து வைத்தாள். கையால் அதைச் செய்து முடிக்கும் காலம் அவளுக்கு அமையவில்லை. பிற்காலத்தில் எம்பெருமானார் திருமாலிருஞ்சோலைக்கு எழுந்தருளி, நூறு தடாக்களையும் நிறைத்து அந்த நேர்த்தியைத் தாமே நிறைவேற்றினார். பின்பு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எழுந்தருளியபோது நாச்சியார் அவரை அண்ணனென்று அழைத்தாள் என்பது பெரியோர்கள் சொல்லும் வைபவம். தங்கை சொல்லி வைத்ததைத் தமையன் செய்து முடித்தார். இருவருக்கும் இடையில் காலம் நெடிது. ஆனால் கைங்கர்யம் ஒன்றே. அவள் நேர்ந்தது குறைபட்டதாக யாரும் சொல்வதில்லை. அவர் முடித்ததைத் தனியாக அவருடைய பரிசு என்றும் சொல்வதில்லை.

இந்தத் திருமொழியின் உரையே இதற்கு இன்னொரு சான்று. பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய வ்யாக்யானத்தின் பெரும்பகுதி பிற்காலத்தில் கிடைக்காமல் போயிற்று. மணவாள மாமுனிகள் அந்த இழந்த பகுதிக்கு மட்டும் உரை அருளிச்செய்து, பிள்ளையின் உரை கிடைக்கும் இடத்தோடு தம் உரையை நிறுத்திக்கொண்டார். முழுவதுக்கும் புதிதாக உரை எழுத வல்ல ஞானக்கடல், அறுந்த இடத்தை மட்டும் பின்னிச் சேர்த்தார். தாலாட்டுப் பாசுரங்களுக்கு நாம் இன்று மாமுனிகளின் உரையைச் சேவித்துப் பொருள் உணர்வது அந்தப் பின்னலின் பயனே.

ஆகவே, முடிவுறாத பின்னலை வைத்துக்கொண்டிருப்பவர்கள், ஒரு காலத்தில் அதை எடுத்து முடிக்கலாம். முடிக்கத் தெரியாதவர்கள் தெரிந்தவரிடம் கற்கலாம். பழைய கையின் இழை எங்கே முடிகிறது, புதிய கையின் இழை எங்கே தொடங்குகிறது என்பது சற்றே தெரிந்தால் தவறில்லை. பெற வேண்டியவர் இல்லையென்றால், குளிரில் இருக்கும் வேறொரு குழந்தைக்கு அது போகட்டும். குஹப்பெருமாள் கொணர்ந்தவற்றில் குதிரைகளுக்கு ஒரு பங்கு சென்றதுபோல. முன்பே கொடுத்து, பெற்றவர் அணியாமல் வைத்திருக்கிறார் என்று குறைப்படுபவர்கள், மறுநாள் வாடப்போகும் இலையில் நாள்தோறும் கிளி செய்யும் கைகளை நினைக்கலாம். யாருடைய திருவுள்ள உவப்புக்காக ஊசி எடுத்தோமோ, அந்த உவப்பை அவரிடமே விட்டுவிடுவதுதான் பரிசு கொடுப்பது என்பது.

பிரமன் அனுப்பிய பொன் தொட்டிலிலேயே பிராட்டியின் கைவேலையாகிய துழாய்க் கண்ணியும் வந்து சேர்ந்தது. அவற்றில் எது உயர்ந்தது என்று யசோதைப்பிராட்டி தரம் பார்க்கவில்லை. ஒவ்வொன்றையும் அனுப்பியவர் பெயரோடு குழந்தையின் செவியில் சொல்லி உறங்க வைத்தாள். தூரத்திலிருந்து சீர் பெற்ற வீடுகளில் இளம் தாய்மார்கள் இதைக் கற்றுக்கொள்ளலாம். இந்தப் போர்வை இன்ன பாட்டி இன்ன ஊரிலிருந்து பின்னியது என்று குழந்தையிடம் ஒரு தடவை சொன்னால், வர முடியாமல் போனவர் அந்த நேரத்துக்கு வந்தவராவார்.

பெரியாழ்வார் திருவடிகளே சரணம்
ஆண்டாள் திருவடிகளே சரணம்
ஆழ்வார் எம்பெருமானார் ஜீயர் திருவடிகளே சரணம்

அடியேன் ராமாநுஜ தாஸன்